வலைத்தளம் வீட்டில், வாசல் யாரிடம்?

2025 தீபாவளி அன்று, நம் நேரப்படி மதியம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கணினி மையங்களில் ஒரு கோளாறு. தரவுத்தளச் சேவை ஒன்றின் முகவரிப் பதிவு, தானியங்கி மென்பொருளின் பிழையால் காலியாகிவிட்டது. சேவை இருந்தது, அதற்கு வழி சொல்லும் முகவரிதான் இல்லை. உலகெங்கும் செயலிகள் வரிசையாகப் படுத்தன. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 18 மாலை 5 மணிக்குச் சற்று முன், உலகின் பல தளங்களுக்கு முன்னால் நின்று பார்வையாளர்களை வாங்கி உள்ளே அனுப்பும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் விழுந்தது. அங்கே ஒரு கோப்பு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெருத்து, அதைப் படிக்க முயன்ற மென்பொருள் மூச்சுத் திணறி நின்றது. இரண்டு சம்பவத்துக்கும் பிறகு மலையிலும் சமவெளியிலும் ஒரே கேள்வி: என் பத்துப் பக்கத் தளத்துக்கு வர்ஜீனியா எதற்கு? வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மாதானே கிடக்கிறது?

நியாயமான கேள்வி. லேப்டாப் போதும், அதில் சந்தேகமே வேண்டாம். சிக்கல் எல்லாம் அந்த லேப்டாப்புக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ இருக்கும் ஒரு வீட்டை வைத்து, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சர்வர் என்றால் என்ன?

கேட்டதை எடுத்துக் கொடுக்கும் நிரல், அவ்வளவுதான். ஒருவர் உங்கள் தளத்தின் பெயரைத் தட்டுகிறார். அவருடைய பிரவுசர் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்கிறது, உங்கள் கணினியில் விழித்திருக்கும் நிரல் கோப்பை எடுத்து அனுப்புகிறது. உலகின் முதல் வலைத்தளமே மேசைக் கணினி ஒன்றில்தான் ஓடியது. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினி அது. "இது சர்வர், அணைக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மலை வீடுகளில் அந்தச் சீட்டு இன்னும் அவசியம். இடி இடித்தால் பாட்டி முதலில் செய்வது எல்லாப் பிளக்கையும் பிடுங்குவது.

நிரல்களில் அப்பாச்சி 1995 முதல் இருக்கிறது, என்ஜின்எக்ஸ் 2004 முதல். புதிதாகத் தொடங்குபவருக்கு 2015இல் வந்த கேடி (Caddy) என்ற நிரலைத்தான் சொல்வேன். எச்டிடிபிஎஸ் என்பது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பு. அந்தப் பூட்டுக்கான சான்றிதழைத் தானே வாங்கி, காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு சொற்கள் தேவை. ஐபி முகவரி என்பது இணையத்தில் ஒரு இணைப்புக்கு உரிய எண். டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் அந்த எண்ணைச் சொல்லும் பதிவேடு. பெயர் தமிழிலேயே இருக்கலாம், '.இந்தியா' என்ற முடிவோடு பதிய முடியும். ஆனால் பெயர் எத்தனை அழகாக இருந்தாலும், அது சுட்டும் எண் உங்கள் வீட்டுடையதாக இருக்க வேண்டும். மலை வீடுகள் பலவற்றில் காலை வாருவது இதுதான்.

லயன் வீட்டுக்குத் தபால்

பழைய முறை ஐபி முகவரியின், அதாவது ஐபிவி4இன், நீளம் 32 பிட். மொத்தமாகப் பார்த்தால் சுமார் 429 கோடி எண்கள். உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அடுத்த ஏப்ரலிலேயே ஆசிய-பசிபிக் பகுதி தன் பங்கின் கடைசிக் கட்டத்துக்கு வந்து ரேஷன் முறைக்குப் போய்விட்டது. நம் ஊரில் வீட்டு ஃபைபர் பரவியது இதற்கெல்லாம் பிறகு. பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளிகள் நாம்.

முகவரி போதாவிட்டால் பகிர வேண்டியதுதான். தேயிலை எஸ்டேட் ஒன்றில் தொழிலாளர்களின் அறுபது லயன் வீடுகள், அதாவது வரிசை வீடுகள், வெளியுலகுக்கு ஒரே முகவரி, எஸ்டேட் ஆபீஸ். 14ஆம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு கடிதம் வெளியே போகிறது. ஆபீஸ் கிளார்க் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து 14க்குக் கொடுத்துவிடுகிறார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், எஸ்டேட் பெயரை மட்டும் எழுதி ஒரு கடிதம் போட்டால்? நோட்டில் பதிவே இல்லை. கிளார்க் அதைக் குப்பையில் போடுவார்.

உங்கள் வீட்டு ரவுட்டர் செய்வது அப்படியே இதைத்தான். பெயர் நாட் (NAT). போன், டிவி, லேப்டாப் எல்லாம் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்ணில் இருக்கும், வெளியே தெரிவது ரவுட்டரின் ஒரே எண். நீங்கள் யூடியூப் பார்ப்பது வெளியே போகும் கடிதத்தின் பதில். உங்கள் தளத்தைப் பார்க்க வருபவர் போடுவதோ முன்பின் தெரியாதவரின் கடிதம். அதனால்தான் கிளார்க்கிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: "443 என்று மேலே எழுதி வரும் எந்தத் தபாலையும் 14ஆம் வீட்டில் கொடு." இதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். 443 எச்டிடிபிஎஸ் போர்ட், 80 பழைய எச்டிடிபி போர்ட். ரவுட்டர் பக்கத்தில் ஐந்து நிமிட வேலை.

இதுவரை பிரச்சினையில்லை, கிளார்க் உங்கள் ஆள். இப்போது குன்னூரில் ஒரு கம்பெனி ஆபீஸ் இருப்பதாகவும், பல எஸ்டேட்டுகளுக்கும் சேர்த்து அதன் முகவரிதான் வெளியே தெரிகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னொரு கிளார்க், இன்னொரு நோட்டு. அவரிடம் உங்களால் எதுவும் சொல்லிவைக்க முடியாது. இணைய நிறுவனமே வாடிக்கையாளர்கள் பலரை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் அடைப்பதுதான் சிஜிநாட். இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டன.

வலைப்பதிவிலும் வீடியோவிலும் சொன்னபடி போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, "ஏன் திறக்கவில்லை?" என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கிளார்க்கிடம் மாட்டியவர்கள்.

உங்கள் வீடு எந்த வகை?

1. பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, நிலைப் பகுதியில் 'வான்' (WAN) ஐபி என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. கூகுளில் "என் ஐபி முகவரி என்ன" என்று கேட்டு, வெளியுலகம் உங்களைப் பார்க்கும் ஐபிவி4 எண்ணைக் குறியுங்கள்.
3. இரண்டும் ஒன்றானால் பொது முகவரி உங்களிடம் இருக்கிறது. ரவுட்டர் 100.72.19.4 என்கிறது, வெளியே 203.0.113.25 என்கிறது என்றால் சிஜிநாட். ரவுட்டர் 10 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினாலும் நடுவில் யாரோ இருக்கிறார்கள்.

பொது முகவரி இருந்து, தளமும் ஏற்றியாயிற்று என்றால் சோதனையை வீட்டு வைஃபையில் செய்யாதீர்கள். உள்ளிருந்தே தன் வாசலுக்கு வெளியே போய்த் திரும்பி வரப் பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

சிஜிநாட் என்றால் என்ன வழி?

1. பொது முகவரியைக் கேட்டு வாங்குவது. சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்கு நிலையான எண் தருகின்றன. உள்ளூர் கேபிள்காரர் மூலம் வரும் இணைப்பானால் அவரிடமே கேட்டுவிடலாம், கால் சென்டரைவிட அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். எண் பொதுவாக இருந்தும் அடிக்கடி மாறினால், டைனமிக் டிஎன்எஸ் என்ற சிறு நிரல் மாற்றத்தைக் கவனித்துப் பதிவேட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும். வீட்டு இணைப்பில் சர்வர் வைக்கக் கூடாது என்று சில திட்டங்களின் நிபந்தனையில் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

2. ஐபிவி6. புதிய முறையின் நீளம் 128 பிட், பஞ்சமே இல்லை. ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் தொகுதியில் இருக்கும் எண்கள், பழைய இணையம் முழுவதின் எண்களையும்விடப் பலகோடி மடங்கு அதிகம். ஒவ்வொரு லயன் வீட்டுக்கும் தனித் தபால்பெட்டி, கிளார்க்கே வேண்டாம். இந்தியாவில் மொபைல் இணைப்புகள் பெரும்பாலும் இதற்கு மாறிவிட்டதால் பார்க்க வருபவர்களில் நிறையப் பேர் வந்து சேர்வார்கள். ஐபிவி4 மட்டும் உள்ள அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தளம் இருப்பதே தெரியாது. ரவுட்டரின் ஃபயர்வாலில் அனுமதியும் தர வேண்டும்.

3. டனல். நீலகிரிக்காரர்களுக்கு இதை இ-பாஸை வைத்துச் சொன்னால் உடனே புரியும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும், டிஎன்-43 வண்டிக்கு வேண்டாம். சரி, நம் வீட்டு வண்டியே கீழே இறங்கி மேட்டுப்பாளையத்தில் காத்திருந்து விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு வந்தால்? டனல் அதுதான். உங்கள் கணினி தானாக வெளியே ஒரு இணைப்பைப் போட்டு, அதைத் திறந்தே வைத்திருக்கும். பார்வையாளர்கள் வெளியே உள்ள, டனல் சேவை தரும் நிறுவனத்தின் வாசலுக்கு வருவார்கள். அங்கிருந்து, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போர்ட் ஃபார்வர்டிங்கும் வேண்டாம், பொது முகவரியும் வேண்டாம்.

கிளவுட்ஃபிளேர் டனலுக்கு, சொந்தப் பெயர் ஒன்று இருந்தால், மாதக் கட்டணம் கிடையாது. சிஜிநாட்டில் மாட்டிய வீடுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழியும் இதுதான், நானும் தொடக்கத்துக்கு அதையே சொல்வேன். ஆனால் கட்டுரை தொடங்கிய இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். நவம்பர் 18 மாலை, வீட்டில் கணினி ஓடிக்கொண்டிருந்தும், கரன்ட் இருந்தும், ஃபைபர் இருந்தும், அந்த டனலை நம்பிய தளங்கள் திறக்கவில்லை. மேட்டுப்பாளையம் ஸ்டாண்டே மூடிவிட்டது, நம் வண்டி நின்று என்ன பயன்? இன்னொன்றும் உண்டு. எச்டிடிபிஎஸ் பூட்டு அவர்கள் வாசலிலேயே திறக்கப்பட்டு, மறுபடி பூட்டித்தான் உங்களுக்கு வருகிறது. நடுவில் உள்ளடக்கம் அவர்களுக்குத் தெரியும். குடும்பப் புகைப்படத் தளத்துக்கு அது பரவாயில்லையா என்பது உங்கள் முடிவு.

4. வெளியே ஒரு சிறு வாடகைக் கணினி எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் இடையே வயர்கார்டு என்ற மென்பொருள் மூலம் சொந்த டனல் போடுவது. பூட்டைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம், சாவி உங்களிடமே இருக்கும். மாதம் சில நூறு ரூபாய். "அந்த வாடகைக் கணினியிலேயே தளத்தை வைத்துவிடலாமே" என்று யாராவது கேட்டால், நூறு ஜிபி புகைப்படமோ ஒலிப்பதிவோ இல்லாதவரிடம் நல்ல பதில் கிடையாது.

கரன்ட், மரம், இடி

மின்செலவைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை இரவும் பகலும் ஓட்டினால் இரண்டு மாத ஈ.பி. கணக்கில் 86 யூனிட். இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். 5 வாட் ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கக் கணினி அதே காலத்தில் 7 யூனிட்தான் எடுக்கும். பழைய லேப்டாப் இரண்டுக்கும் நடுவே நிற்கும். அதன் பேட்டரியே ஒரு யூபிஎஸ் என்பது கூடுதல் லாபம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சார்ஜிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள், ஏற்கெனவே உப்பியிருந்தால் அந்த லேப்டாப்பைத் தொடாதீர்கள்.

உண்மையான தலைவலி கரன்ட் போவது. 1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. ஆனாலும் கடைசிக் கம்பம் கற்பூர மரத்துக்கும் சீகைக்கும் நடுவில்தான் நிற்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவம், கோத்தகிரி பக்கம் ஐப்பசி-கார்த்திகை மழை, ஏதாவது ஒன்று மரத்தைச் சாய்க்கும்.

ஒரு மழை நாளைக் கிட்டத்தில் பார்ப்போம். மதியம் 3 மணி, காற்று, கரன்ட் போகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கணினி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 20 வாட்தான் என்பதால் மற்ற விளக்குகளை அணைத்தால் 150 ஏஎச் பேட்டரி ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஃபைபர் பெட்டியில் இணைப்பு இருப்பதைக் காட்டும் 'பான்' (PON) விளக்கு பச்சையாக எரிகிறது, தளம் உயிரோடு இருக்கிறது. 5 மணிக்கு, சிக்னல் போய்விட்டது என்று சொல்லும் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மினுக்கத் தொடங்குகிறது. இப்போது இரண்டில் ஒன்று. வழியில் கேபிள் அறுந்திருக்கும்: மரம், மண்சரிவு, அல்லது கம்பிக்குக் கம்பி தாவும் குரங்கு. இல்லையென்றால் பஜாரில் கேபிள்காரர் அறையில் இருக்கும் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருக்கும். வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஃபைபரைப் பிரிக்கும் சாதனத்துக்குக் கரன்ட் தேவையில்லை, ஆனால் அறைக்குத் தேவை. ஆகவே இன்வெர்ட்டருக்குப் பெரிய பேட்டரி வாங்கும் முன் கேபிள்காரரிடம் கேட்க வேண்டியது: "அண்ணா, உங்க ஆபீஸ்ல பேக்கப் எத்தனை மணி நேரம் நிக்கும்?" அதைவிட நீண்ட பேக்கப் வீட்டில் இருந்தாலும் தளத்துக்குப் பயனில்லை.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது போன்ற வாரங்களில் எந்தப் பேட்டரியும் உதவாது. அதை ஒப்புக்கொண்டு திட்டமிடுவதே மேல்.

இடியைப் பொறுத்தவரை ஃபைபர் வரம்தான். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, பழைய டெலிபோன் செம்புக் கம்பி கடத்தியது. அதிர்ச்சி இனி பெரும்பாலும் ஈ.பி. லைன் வழியாகத்தான் வரும். பாறை மண்ணில் நல்ல எர்த் கிடைப்பது கடினம், எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். பக்கத்தில் இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் பாட்டி செய்வது சரியே. கரன்ட் திரும்பியதும் கணினி தானே எழுந்து சர்வரைத் தொடங்கும்படி பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) அமைத்துவைப்பது உங்கள் வேலை.

மூடுபனி ஈரம்? எப்போதும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். மாதக்கணக்கில் அணைந்து கிடப்பதற்குத்தான் ஆபத்து அதிகம்.

ஏற்றமும் இறக்கமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற மலை ரயில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும், இறங்க மூன்றரை. இணைப்பிலும் இரண்டு வேகம் உண்டு. விளம்பரத்தில் வருவது டவுன்லோடு. உங்கள் தளத்தைப் பிறர் பார்க்கும்போது செலவாவது அப்லோடு. ஃபைபரில் பல திட்டங்களில் இரண்டும் சமம், வயர்லெஸ் இணைப்புகளில் ஏற்றம் பாவம்.

போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி. பக்கத்துக்குப் பத்துப் படம் என்றால் 40 எம்பி, அதாவது 320 மெகாபிட். அப்லோடு வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் ஒருவருக்கு 8 விநாடி, பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் 80 விநாடி. அதே படங்களை 200 கேபிக்குச் சுருக்கினால் பக்கம் 2 எம்பி, பத்துப் பேருக்கும் சேர்த்து 4 விநாடி. வேகமான திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் படத்தைச் சுருக்குங்கள்.

கதவைத் திறந்த முதல் மணி நேரம்

யாருக்கும் சொல்லவில்லையே, யார் வரப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கிய உடனே உங்கள் தளத்தின் பெயர் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறும், சான்றிதழ் முறையின் விதி அது. அந்தப் பதிவேட்டைப் படித்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் வந்து கதவைத் தட்டும். ஹட்டியின் (படகர் ஊரின்) பழைய படங்கள் பன்னிரண்டை மட்டும் வைத்திருக்கும் தளத்தில், யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தால், இல்லாத வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் பிரபல மென்பொருள்) உள்நுழைவுப் பக்கம், இல்லாத தரவுத்தள நிர்வாகப் பக்கம், இல்லாத கடவுச்சொல் கோப்பு என்று கேட்டுப் போன தடங்கள் வரிசையாக இருக்கும். வெறும் எச்டிஎம்எல் கோப்புகளும் படங்களும் மட்டும் உள்ள தளத்தில் இவற்றுக்கெல்லாம் ஒரே பதில்: 404, இல்லை. தனிநபர் தளத்துக்கு வேர்ட்பிரஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். உடைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் திருடனுக்கு வேலை குறைவு.

வீட்டுச் சர்வரில் உண்மையான ஆபத்து, அதே வைஃபையில் இருக்கும் மற்றவை. 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து ஆயுதமாக்கியது. ஆகவே 80, 443 தவிர எதையும் திறக்காதீர்கள். வீட்டுச் சாதனங்கள் தாமே போர்ட்டைத் திறக்கவிடும் யூபிஎன்பி வசதியை ரவுட்டரில் அணையுங்கள். வாசல் கேமராவையும் வங்கிச் செயலி உள்ள கணினியையும் சர்வரிலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

மின்னஞ்சல் சர்வரை வீட்டில் வைக்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். வீட்டு இணைப்பு முகவரிகளிலிருந்து வரும் மின்னஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் வாங்குவதே அபூர்வம்.

யாருக்கு ஏற்றது?

படங்கள், பாட்டுப் பதிவுகள், கட்டுரைகள், செடிப் பட்டியல், ஊர் வரலாறு என்று தங்களுக்காகவும் சில நூறு பேருக்காகவும் வைத்திருப்பவர்களுக்குத் தாராளமாகச் சரி. ஒரு நாள் தளம் நின்றால் யாருக்கும் பணம் போகாது. ஹோம்ஸ்டே நடத்துபவர் முன்பதிவுப் பக்கத்தை வீட்டில் வைப்பது தவறு. மே மாத சீசனில் இணைப்பு போன மூன்று மணி நேரத்தில் அறை கேட்டு வருபவர் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார்.

நடுவழியும் ஒன்று உண்டு. தளத்தின் பிரதியை வெளியே இலவசமாக எச்டிஎம்எல் தளங்களை வைத்துக்கொள்ளும் சேவை ஒன்றில் வைத்துவிடுங்கள். டிஎன்எஸ் பதிவில் டிடிஎல் என்ற எண் இருக்கும், ஒரு பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்று உலகுக்குச் சொல்வது அது. அதை மழைக்காலம் தொடங்கும் முன்பே 300 ஆக்கிவிட்டால், 'லாஸ்' விளக்கு சிவந்த மாலையில் போனை எடுத்து முகவரியை அந்தப் பிரதிக்கு மாற்றினால் போதும். பெரும்பாலானோருக்கு ஐந்து நிமிடத்தில் தளம் திரும்பிவிடும், பக்கத்து மொபைல் டவரில் டீசல் இருக்கும் பட்சத்தில்.